துப்பறிவாளரும் ஒப்புதல் வாக்குமூலமும்

பனமரத்துப்பட்டியில் நூலகத்துக்குச் சென்றுவரும் பழக்கமுள்ளோர், அங்கே அதிகம் கிழிந்த நூல்கள் எவை என்பதை நன்கு அறிவர். அறநூல்கள் புதுக்கருக்கு அழியாமல் இருக்கின்றன. துப்பறியும் புதினங்களோ அட்டை இழந்து, மறு அட்டை பெற்று, அதுவும் நைந்துபோன நிலையில் கைக்குக் கை மாறுகின்றன. சில நூல்களின் முதல் பக்கத்திலேயே, முன்னர்ப் படித்த புண்ணியவான் ஒருவர் கொலையாளியின் பெயரைப் பேனாவால் எழுதி வைத்திருப்பார். அதன் கீழே வேறொரு கையெழுத்து, "நம்பாதீர்கள், இவன் இல்லை" என்று எச்சரிக்கும். இருவரில் எவர் பொய்யர் என்று கண்டுபிடிக்கவேனும் நாம் நூலை முழுதும் படித்தாக வேண்டும்! வாசகரே இவ்வாறு வழக்கில் ஒரு சாட்சியாக நுழைந்துவிடும் இலக்கிய வகை வேறொன்று இல்லை.

இந்த நகைச்சுவையை நாம் எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் உடன் நினைவுக்கு வரும் நிகழ்ச்சி ஒன்று உண்டு, அது நகைப்புக்குரியதன்று. பல ஆண்டுகளுக்கு முன், வேறோர் ஊரில் நாம் பணியாற்றியபோது நடந்தது. ஒரு வீட்டில் தங்கச் சங்கிலி காணாமற்போயிற்று. அவ்வீட்டுத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவரை விசாரணைக்கு அழைத்துச் சென்றனர். மூன்றாம் நாள் அவர் திரும்பியபோது பாதங்களைத் தரையில் ஊன்ற முடியவில்லை. சங்கிலி அவ்வீட்டு அரிசிக் குதிருக்குள்ளேயே கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் அவர், தாமே அதை எடுத்ததாக ஒப்புக்கொண்டிருந்தார். பின்னர் ஒருநாள் பங்கு இல்லத்துத் திண்ணையில், பலரும் கேட்க, அவர் நம்மிடம் வினவினார்: "சாமி, எடுக்காததை எடுத்தேன்னு சொன்னேனே, அது பொய்தானே? அது பாவமா?"

குருமடத்தில் பல்லாண்டு இறையியல் பயின்ற நமக்கு அவ்வினாவுக்கு உடனே விடை கூற நா எழவில்லை. இல்லை என்று பின்னர்ச் சொன்னோம். ஆனால் அவர் சென்றபின் மற்றொரு வினா நம்மைத் தொற்றிக்கொண்டது. காவல்நிலைய வாசலை மிதிக்கவே அஞ்சும் நம் மக்கள், காவலர் துப்பறியும் கதைகளை ஏன் இத்துணை விரும்பிப் படிக்கின்றனர்? இவ்வினாவுக்கு விடை தேடி அந்த இலக்கியத்தின் வரலாற்றில் சற்றே பின்னோக்கிச் சென்றோம். அங்கும் ஓர் ஒப்புதல் வாக்குமூலமே நம்மை எதிர்கொண்டது.

ஒரு குழந்தையின் கொலையும் ஒரு காவலரின் வீழ்ச்சியும்

இலண்டன் மாநகரக் காவல்துறையில் துப்பறியும் பிரிவு 1842ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. முதலில் அதில் இருந்தவர் எட்டுப் பேரே. சீருடை அணியாமல் மக்களோடு மக்களாகக் கலந்து குற்றவாளியைத் தேடும் இப்புதிய மனிதர்களைச் சார்லஸ் டிக்கன்ஸ் வியந்து போற்றினார்; 1852-53இல் வெளிவந்த தம் 'பிளீக் ஹவுஸ்' புதினத்தில் இன்ஸ்பெக்டர் பக்கெட் என்னும் பாத்திரத்தையும் படைத்தார்.

1860ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரோடு என்னும் சிற்றூரில், வசதி மிக்க கென்ட் குடும்பத்தின் மூன்று வயதுச் சிறுவன் கொலையுண்டான். உள்ளூர்க் காவலர் தடுமாறியதால், இலண்டனிலிருந்து ஜோனதன் விச்சர் என்னும் துப்பறியும் ஆய்வாளர் வந்தார். காணாமற்போன இரவு உடையொன்றைத் துப்பாகக் கொண்டு, அச்சிறுவனின் மாற்றாந்தாய்வழித் தமக்கையாகிய 16 வயதுக் கான்ஸ்டன்ஸ் கென்ட்டின்மீது அவர் ஐயுற்றார். நாடே கொதித்தது. உழைப்பாளர் குடியில் பிறந்த ஒரு காவலன் உயர்குடிப் பெண்ணின் இரவு உடையைப் பற்றிப் பேசுவதா என்று இதழ்கள் சீறின. போதிய சான்று இல்லையென அப்பெண் விடுவிக்கப்பட்டாள். விச்சரின் புகழ் மங்கியது. உடல்நலமும் குன்றி, 1864இல் அவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஐந்து ஆண்டுகள் கழிந்தன. 1865 ஏப்ரலில் கான்ஸ்டன்ஸ் தானாகவே இலண்டன் நீதிமன்றத்துக்கு வந்து, கொலையைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டாள். எவரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. பிரைட்டன் நகரில் ஆர்தர் வாக்னர் என்னும் ஆங்கிலிக்கக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபின் அவள் அம்முடிவுக்கு வந்திருந்தாள். வாக்னரும் உடன் வந்தார். ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் அவள் கூறியதை வெளியிட அவர் மறுத்துவிட்டார். பாராளுமன்றம் வரை எதிர்ப்பு எழுந்தும் அவர் அசையவில்லை. கான்ஸ்டன்சுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டு, பின் ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. இருபது ஆண்டுகள் சிறையிருந்து 1885இல் அவள் விடுதலை பெற்றாள்.

மெய்யான துப்பறிவாளர் உண்மையைக் கண்டும் நிலைநாட்ட இயலாமற் போனார். குற்றவாளியின் மனச்சான்றே பின்னர் அதை நிலைநாட்டியது. ஆங்கிலத் துப்பறியும் புதினத்தின் தோற்றுவாயில் இந்நிகழ்ச்சி நிற்பதை நாம் மறத்தலாகாது.

சீரங்கப்பட்டணத்து வைரம்

இந்த வழக்கின் சில கூறுகளை எடுத்தாண்டு வில்கி காலின்ஸ் எழுதிய புதினமே 'மூன்ஸ்டோன்'. டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் 1868 சனவரி முதல் ஆகஸ்டு வரை அது தொடராக வந்தது. ஆங்கிலத் துப்பறியும் புதினங்களுள் முதன்மையானதென்று பிற்காலத்தில் கவிஞர் டி. எஸ். எலியட் அதனைப் போற்றினார். விச்சரின் சாயல் அதில் வரும் சார்ஜென்ட் கஃப் என்னும் காவலரிடம் உண்டு. இரவு உடை அங்கும் துப்பாக வருகிறது.

இதழ் வெளிவரும் நாளில் அலுவலக வாயிலில் வாசகர் கூட்டம் காத்து நின்றதாம். சுமை தூக்குவோரும் ஏவலரான சிறுவரும் முதுகில் சுமையோடு ஒதுக்குப்புறங்களில் நின்றபடியே அதைப் படித்ததாகப் பதிப்பாளர் டின்ஸ்லி தம் நினைவுகளில் குறித்துள்ளார். வைரம் எங்கே கிடைக்கும் என்று பந்தயம் கட்டியோரும் உண்டு. நம் நூலகத்து நூலின் முதல் பக்கத்தில் கொலையாளியின் பெயரை எழுதிய அன்பருக்கு அவர்களே மூதாதையர்!

நம் சேலத்து வாசகருக்கு இப்புதினம் மற்றொரு வகையிலும் நெருங்கியது. கதை தொடங்கும் இடம் இங்கிலாந்து அன்று. 1799இல் ஆங்கிலப் படை சூறையாடிய சீரங்கப்பட்டணம். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1792இல், திப்பு சுல்தானுடன் செய்யப்பட்ட அதே சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படிதான் சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. கதையில், ஆங்கிலப் படை அதிகாரி ஒருவன் கொலை செய்து கவர்ந்த தெய்வத்தின் வைரம் இங்கிலாந்து சேர்கிறது. அங்கே ஒரு மாளிகையில் மீண்டும் காணாமற்போகிறது. இரண்டாம் களவைக் கண்டுபிடிக்கக் காவல்துறை ஓடோடி வருகிறது. முதற் களவை விசாரிக்க எவரும் வரவில்லை. இறுதியில் வைரம் தன் தெய்வத்திடமே திரும்புவதாகக் காலின்ஸ் கதையை முடிக்கிறார். பேரரசின் உச்சக் காலத்தில் ஓர் ஆங்கிலேயர் இவ்வாறு எழுதினார் என்பது எண்ணத்தக்கது.

அப்புதினத்தில் நம் நெஞ்சை விட்டகலாதவள் ரோசன்னா என்னும் பணிப்பெண். முன்னொரு காலத்தில் திருடிச் சிறை சென்றவள், திருந்தி வாழ்கிறவள். களவு நிகழ்ந்தவுடன் ஐயம் அவள்மீதும் படர்கிறது. வைரத்தை அவள் எடுக்கவில்லை. ஆயினும் கதை முடியுமுன் அவள் உயிர் போய்விடுகிறது. திறமை மிக்க சார்ஜென்ட் கஃப் கூட முதலில் தவறாகவே முடிவு செய்கிறார். துப்பறிவாளரும் பிழை செய்வர், அப்பிழையின் விலையை வறியவரே செலுத்துவர் என்பதைக் காலின்ஸ் உரைக்காமல் உணர்த்துகிறார். ரோசன்னாவைப் பற்றிப் படித்தபோது நம் கண்முன் நின்றவர் அந்தத் தோட்டக் கூலித் தொழிலாளரே.

நம் நாட்டில் காவலும் கிட்டியும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். கம்பெனி ஆட்சியில் வரி தண்டுவோரும் காவல் செய்வோரும் பெரும்பாலும் ஒருவரே. தாசில்தாரின் கையில் இரு அதிகாரங்களும் இருந்தன. வரி செலுத்த இயலாதவனும் குற்றம் சாட்டப்பட்டவனும் ஒரே விதமாக நடத்தப்பட்டனர். 1855இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு அளித்த அறிக்கை இதை உலகறியச் செய்தது. குழுவிடம் 1,900க்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன. நடந்தும் மாட்டு வண்டியிலும் தொலைதூரம் பயணம் செய்து நேரில் வந்து முறையிட்டோர் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர். விரல்களை மரச்சட்டங்களுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துதல் போன்ற கொடுமைகளை அவ்வறிக்கை விரித்துரைத்தது. நம் வழக்கிலிருந்த 'கிட்டி' என்னும் சொல் ஆங்கில அரசு ஆவணத்தில் ஏறியது இவ்வாறுதான்.

அதன்பின் 1859ஆம் ஆண்டு 24ஆம் சட்டத்தால் சென்னை மாகாணக் காவல்துறை தனித் துறையாக அமைக்கப்பட்டது. 1872இல் வந்த இந்தியச் சாட்சியச் சட்டம் மற்றொரு பெரும் செயலைச் செய்தது. காவல் அதிகாரியிடம் ஒருவர் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சான்றாகக் கொள்ளலாகாது என்று அதன் 25ஆம் பிரிவு விதித்தது. சட்டமே தன் காவலரை நம்பவில்லை என்பதன்றோ இதன் பொருள்! ஆனால் காவலில் இருப்பவர் சொன்னதிலிருந்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அக்கூற்றை ஏற்கலாம் என 27ஆம் பிரிவு ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இத்தடையும் இவ்விலக்கும் 23ஆம் பிரிவில் தொடர்கின்றன.

சேலத்திலேயே ஒரு பெரும் வழக்கு நிகழ்ந்தது. 1882இல் நகரில் மூண்ட மதக் கலவரத்தைத் தூண்டியதாக வழக்கறிஞர் சி. விசயராகவாச்சாரியார்மீது குற்றம் சாட்டப்பட்டு, அவருக்குப் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. பின்னாளில் காங்கிரசு மகாசபைக்கே தலைமை தாங்கிய பெருமகனார் அவர். சட்டம் கற்றவரையே பொய்க் குற்றச்சாட்டு சிறைக்கு அனுப்புமாயின், கையெழுத்திடத் தெரியாத உழவன் என் செய்வான்? தமிழில் துப்பறியும் கதை பிறந்தது இத்தகைய சூழலில்தான்.

தானவன் முதல் விவேக் வரை

1893 திசம்பரில் ஆர்தர் கோனன் டாயில் தம் ஷெர்லக் ஹோம்சை அருவியில் விழச்செய்து கதையை முடித்தார். வாசகர் கொதித்தெழுந்தனர், பலர் அவ்விதழை வாங்குவதையே நிறுத்தினர். அடுத்த ஆண்டே, 1894இல், சென்னையில் பண்டித எஸ். எம். நடேச சாஸ்திரியார் 'தானவன்' என்னும் போலீசு நிபுணனின் கதைகளை வெளியிட்டார். தமிழின் முதல் துப்பறியும் புனைகதையாக அறிஞர் இதனையே கருதுகின்றனர். நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டி ஆங்கிலத்தில் தந்தவர் சாஸ்திரியார். மக்கள் எதைக் கேட்க விழைவர் என்பதை அறிந்தவர். அவருடைய நாயகன் காவல்துறையைச் சேர்ந்தவன். ஆனால் அவன் பெயரின் புகழ் அறிவால் வந்தது, தடியால் வந்ததன்று.

பின்வந்தோர் செய்த மாற்றம் நம் கருத்தைக் கவர்கிறது. ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் எழுதிய 'ராஜாம்பாள்' பல பதிப்புகள் கண்டது. அவருடைய துப்பறியும் கோவிந்தன் வீட்டுக்கு வீடு அறிமுகமானான். ஆரணி குப்புசாமி முதலியார் ஹோம்சை ஆனந்தசிங்காக்கித் தமிழுடை அணிவித்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் துப்பறியும் பணியைத் திகம்பர சாமியார் என்னும் துறவியிடமே ஒப்படைத்தார். தேவன் 1942இல் ஆனந்த விகடனில் படைத்த சாம்புவோ வங்கிக் குமாஸ்தா. அறிவாலன்றித் தற்செயலால் வெற்றி பெறுபவர். தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா, சுபாவின் நரேன்-வைஜயந்தி என வரிசை நீள்கிறது. ராஜேஷ்குமாரின் விவேக் போன்று காவல்துறையைச் சேர்ந்த நாயகர் சிலர் உண்டெனினும், தமிழ் வாசகரின் உள்ளத்தில் இடம்பெற்ற துப்பறிவாளருள் பலர் காவல்நிலையத்துக்கு வெளியே நிற்பவர்களே.

இது தற்செயலாக நேர்ந்ததென நாம் எண்ணவில்லை. ஆங்கிலேயர் தந்த கதை வடிவத்தை நம்மவர் ஏற்றனர். அதன் காவலரை முழுமையாக ஏற்கவில்லை. சாமியாரையும் குமாஸ்தாவையும் வழக்கறிஞரையும் அவ்விடத்தில் அமர்த்தினர். எளியவனை அடிக்காமல், பூட்டிய அறையையும் சிந்திய சாம்பலையும் பார்த்தே உண்மையை உணரும் மனிதர் ஒருவரை அவர்கள் வேண்டினர். அக்காலத்து இல்லங்களில் ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பதுண்டு. இக்கதைகள் ஒழுக்கத்தைக் கெடுப்பன என்று பெரியோர் பலர் கண்டித்தனர். நாம் பயின்ற குருமடத்திலும் அவை விலக்கப்பட்ட கனியே. விளக்கணைத்தபின் போர்வைக்குள் கைவிளக்கு ஏற்றிப் படித்துப் பிடிபட்ட கூட்டத்தில் நாமும் இருந்தோம் என்பதை இங்கு ஒப்புக்கொள்கிறோம். எவரும் நம்மை வற்புறுத்தவில்லை!

சேலத்துக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. ஏற்காடு சாலையில் இருந்த மாடர்ன் தியேட்டர்சார், வடுவூராரின் கதையை 1950இல் 'திகம்பர சாமியார்' என்ற படமாக்கினர். எம். என். நம்பியார் நாயகராகப் பல மாறுவேடங்களில் தோன்றினார். அதே 1950ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், அதே நகரின் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் கம்யூனிஸ்டுக் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். திரையில் அறிவால் அநீதியை வென்ற சாமியாரைக் கண்டு கைதட்டிய சேலத்து மக்கள், அவ்வாண்டின் தொடக்கத்தில் அச்செய்தியையும் கேட்டவர்களே. அவர்களுக்குக் கதை வெறும் பொழுதுபோக்காக மட்டுமே இருந்திருக்கும் என்று நம்மால் கூற இயலவில்லை.

இரு குருக்கள்

துப்பறியும் இலக்கியத்தில் நம் போன்றோருக்கு உரிமையான இருவர் உளர். ஒருவர் கதை மாந்தர், மற்றவர் கதையாசிரியர்.

ஜி. கே. செஸ்டர்டன் 1910 முதல் எழுதிய கதைகளின் நாயகர் அருள்தந்தை பிரவுன். குள்ளமான உருவம், உருண்டை முகம், அடிக்கடி கைதவறும் குடை. தமக்கு அறிமுகமான ஜான் ஓ'கானர் என்னும் குருவை முன்மாதிரியாகக் கொண்டு செஸ்டர்டன் இவரைப் படைத்தார். தாம் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்ததோ 1922இல்தான். முதற்கதையிலேயே, மாறுவேடமிட்ட திருடன் ஃபிளாம்போ, தன் சூழ்ச்சியெல்லாம் இவருக்கு எங்ஙனம் தெரிந்தது என்று வியக்கிறான். மனிதரின் பாவங்களைச் செவிமடுப்பதையே பணியாகக் கொண்டவனுக்குத் தீமை தெரியாமலா இருக்கும் என்ற பொருள்பட அவர் விடையிறுக்கிறார். பின்னைய கதைகளில் அத்திருடனே திருந்தி அவருடைய நண்பனாகிறான். குற்றவாளியைக் கண்டுபிடிப்பதோடு பிரவுனின் பணி முடிவதில்லை. அவன் ஆன்மாவைக் கண்டெடுக்கும்வரை தொடர்கிறது.

மற்றவர் ரொனால்டு நாக்ஸ். ஆங்கிலத்தில் திருவிவிலியத்தை மொழிபெயர்த்த குரு. துப்பறியும் புதினங்களும் எழுதியவர். 1929இல் அவர் இவ்வகைக் கதைக்குப் பத்து விதிகளை வகுத்தார். மோசேயின் கட்டளைகளை நினைவூட்டும் வேடிக்கையான வடிவம். ஆயினும் நேர்மை மிக்க விதிகள். துப்பறிவாளர் காணும் துப்புகள் அனைத்தும் வாசகர் முன்பும் வைக்கப்பட வேண்டும் என்பது ஒன்று. துப்பறிபவரே குற்றத்தைச் செய்தவராக இருத்தல் ஆகாது என்பது மற்றொன்று.

கதைக்கென வகுத்த இவ்விரண்டாம் விதியை நாம் படித்துவிட்டு நெடுநேரம் நூலை மூடி வைத்திருந்தோம். 1996 திசம்பரில் டி. கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம், கைது செய்வோர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகளை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தது. அதற்குப் பின்னும், 2020 சூனில் சாத்தான்குளத்தில் கைது செய்யப்பட்ட தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்த கொடுமையை நாம் கண்டோம். துப்பறிய வேண்டியவர் குற்றம் செய்தலாகாது என்னும் விதி, கதைக்கு முன் நாட்டுக்கு வேண்டியதன்றோ?

திண்ணையில் எழுந்த வினா

காவல்துறையில் உள்ளோர் அனைவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது நம் நோக்கமன்று. இரவெல்லாம் விழித்திருந்து, துப்புகளைப் பொறுமையுடன் தொகுத்து, மெய்யான குற்றவாளியைச் சட்டத்தின் முன் நிறுத்தும் நேர்மையாளரை நாம் அறிவோம். நம் பங்குக் குடும்பங்களின் பிள்ளைகளும் அப்பணியில் உளர். விச்சரைப் போன்று உண்மையைக் கண்டும் பழிக்கு ஆளானோரும் அவர்களுள் இருத்தல் கூடும். நல்ல துப்பறியும் கதை அத்தகையோருக்குப் பெருமையே சேர்க்கிறது. ஏனெனில் அறிவும் பொறுமையும் அடியைவிட ஆற்றல் மிக்கவை என்பதை அது பக்கந்தோறும் மெய்ப்பிக்கிறது.

நம் வாசகர் இக்கதைகளை நேசிப்பதன் உட்பொருள் இதுவென்றே நாம் கருதுகிறோம். கொலையையோ குருதியையோ அவர்கள் விரும்புகின்றனர் என்பது மேலோட்டமான கூற்று. எவர்மீது ஐயம் எளிதில் விழுகிறதோ அவர் பெரும்பாலும் குற்றவாளி அல்லர் என்பது இவ்விலக்கியத்தின் மாறா மரபு. கதை தொடங்கியதும் தோட்டக்காரனையும் வேலைக்காரியையும் எல்லாரும் சுட்டுவர். கடைசி அதிகாரத்தில் அவர்கள் நிமிர்ந்து நடப்பர். ஐயத்துக்கு ஆளாகியே பழகிய மக்களுக்கு இது எத்தகைய ஆறுதல்!

வற்புறுத்திப் பெறும் ஒப்புதலும் மனச்சான்று தானே அளிக்கும் ஒப்புதலும் ஒரே சொல்லால் குறிக்கப்படினும் அவை ஒன்றல்ல. முன்னதில் மனிதன் உடைக்கப்படுகிறான். பின்னதில் அவன் எழுந்து நிற்கிறான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல்லாண்டு அமர்ந்த அனுபவத்தில் இதை நாம் உறுதியாகக் கூற வல்லோம். திண்ணையில் அமர்ந்து வினவிய அம்மனிதரிடம், அவர் கூறிய பொய் அவருடையதன்று, அது அவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்று அன்றே விளக்கியிருக்க வேண்டும். அன்று "இல்லை" என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டோம்.

அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமே தெரியும். ஆனால் அவருடைய மகள் அக்காலத்தில் நூலகத்திலிருந்து கதைப்புத்தகம் எடுத்துச் சென்று, மாலையில் வீட்டு வாசலில் தந்தைக்குப் படித்துக் காட்டுவாள். ஒருநாள் அவ்வழியே சென்றபோது அவர் அவளை இடைமறித்துக் கேட்டது நம் செவியில் விழுந்தது: "முதல்ல அந்தத் தோட்டக்காரனை விட்டாங்களா இல்லையா, அதைச் சொல்லு."

கொலையாளி யார் என்று அவர் கேட்கவில்லை.